பகிர்ந்தவர்

"திருட்டு மேடம்! பட்டப்பகல் திருட்டு!"

கதவைத் தட்டாமலே மேலாளர் அறைக்குள் நுழைந்தாள் அவள். கட்டட வரைபட அலுவலகத்தில் சேர்ந்து சில மாதங்கள்தான். இன்னும் பயிற்சிக்காலம். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் வக்கீல்.

"யாரு, எதைத் திருடினாங்க?"

"சித்தப்பா. என் வரைபடத்தை."

சித்தப்பா யாருக்கும் சொந்தமில்லை. அங்கே மூத்த வரைவாளர். தலை நரைத்த நாளிலிருந்து எல்லாருக்கும் சித்தப்பா.

"போன வாரம் நம்ம செயலியையும் கட்டுமானக் கம்பெனியோட செயலியையும் இணைச்சாங்க இல்லையா? அதுக்கு முன்னாடி பயிற்சியில இருக்கிற நாங்க அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. எங்க வரைபடத்தை அவர்தான் அனுப்பணும். யார் பேர்ல அனுப்பறதுன்னும் அவரேதான் முடிவு பண்ணுவார். இப்போ இங்கே தேடினா அங்கே கிடக்கிறதும் வருது. சும்மா 'படிக்கட்டு'ன்னு தட்டினேன். முதல்ல வந்ததே நான் போட்ட படிக்கட்டு. கீழே பகிர்ந்தவர்னு அவர் பேரு!"

"ஒண்ணுதானா?"

"அவர் பேரைப் போட்டுத் தேடினேன். அவரோடதுக்கு நடுவுல என்னோடது நாலு! நாலும் என் கைவேலை. 'நல்லா வரைஞ்சிருக்கேம்மா'ன்னு சிரிச்சுக்கிட்டே வாங்கி, தன் பேர்ல அனுப்பியிருக்கார்."

"உள்ளே திறந்து பார்த்தியா?"

"எதுக்கு? என் கோடு எனக்குத் தெரியாதா?"

மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வக்கீல் விடவில்லை.

"நாளைக்கு என்னை நிரந்தரமாக்கறதா, வீட்டுக்கு அனுப்பறதான்னு அந்தக் கம்பெனியைக் கேட்டுத்தான் முடிவு பண்ணப் போறீங்க. அங்கே என் பேரே இல்லைன்னா, 'யாரு அது?'ன்னு கேக்க மாட்டாங்களா? வயசுல பெரியவங்கன்னா எது வேணா செய்யலாமா? புதுசா வந்த பொண்ணுன்னா இளக்காரமா?"

சித்தப்பா வரவழைக்கப்பட்டார். கையில் பாதி கடித்த பிஸ்கெட்.

"இந்த நாலும் இவ வரைஞ்சதா?"

"ஆமாம் மேடம்."

"உங்க பேர்ல போயிருக்கா?"

"ஆமாம் மேடம்."

"ஒத்துக்கிட்டார்! குறிச்சுக்கங்க மேடம்!"

"பேரை மாத்தணும், அவ்வளவுதானே? மாத்திடலாமா சித்தப்பா?"

வாய்க்குப் போன பிஸ்கெட் பாதி வழியில் நின்றது. "வேண்டாம் மேடம். அது என் பேர்லயே கிடக்கட்டும்."

"பார்த்தீங்களா, என்ன நெஞ்சழுத்தம்! கூட்ட அறையில பெரிய திரையில போடுங்க மேடம். எல்லாரும் பார்க்கட்டும்."

"பெரிய திரை வேண்டாம்மா," சித்தப்பா கெஞ்சினார். "இந்தச் சின்னதே போதும்."

"ஏன், மானம் போயிடுமா?"

"போயிடும்மா."

"போகட்டும்!"

போட்டார்கள். வேலையை அப்படியப்படியே போட்டுவிட்டு அலுவலகம் மொத்தமும் கூட்ட அறைக்குள் வந்து நின்றது. மேலாளர் முதல் வரைபடத்தைத் திறந்தார். வரைபடத்துக்குக் கீழே கம்பெனிப் பொறியாளர் எழுதியிருந்தார்:

'ஐயா, மாடிப்படி ஏறினால் நேரே குளியல் தொட்டிக்குள் இறங்குகிறது. வீட்டுக்காரர் தூங்கப் போகிறாரா, குளிக்கப் போகிறாரா?'

அதற்குச் சித்தப்பாவின் பதில்: 'மன்னிக்கணும். என் கவனக்குறைவு. சாயங்காலத்துக்குள் திருத்தி அனுப்புகிறேன்.'

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேலாளர் இரண்டாவதைத் திறந்தார்.

'படுக்கையறைக்குக் கதவே இல்லை. ஜன்னல் வழியாகக் குதிக்கணுமா?'

'மன்னிக்கணும். என் கண்ணில் கோளாறு.'

மூன்றாவது.

'கார் நிறுத்துமிடம் இரண்டாவது மாடியில் இருக்கிறது. காருக்கு இறக்கை முளைக்குமா?'

'மன்னிக்கணும். வயசாகிவிட்டது.'

இப்போது யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு அவளுடையதுதான். சந்தேகமே இல்லை.

நாலாவதை மேலாளர் வாய்விட்டுப் படிக்கவில்லை. எல்லாருக்கும் கண் இருந்தது.

'இத்தனை வருஷ அனுபவத்தில் கற்றது இதுதானா? அடுத்த வேலைக்கு வேறு ஆளைப் போடச் சொல்லப் போகிறோம்.'

பதில்: 'சரிங்க.'

மேலாளர் திரும்பினார். "ஒரு பொத்தான்தாம்மா. அமுக்கினா நாலும் உன் பேருக்கு வந்துடும். அமுக்கட்டுமா?"

வக்கீல் சட்டென்று எட்டி மேலாளரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சித்தப்பாதான் இருமிக்கொண்டு வாயைத் திறந்தார். "அவசரம், உடனே அனுப்புன்னு நிப்பாங்க மேடம். சில நாள் சரிபார்க்க நேரமிருக்காது. அப்படிப் போறதை மட்டும் என் பேர்ல விட்டேன். பயிற்சிக்காலத்துல பேர் கெட்டுடக் கூடாதேன்னு."

"அப்போ..." அவள் சித்தப்பா பக்கம் திரும்பினாள். "நீங்க சரிபார்த்து அனுப்பினதெல்லாம்?"

"உன் பேரைப் போட்டுத் தேடிப் பார்த்தியா?" என்று கேட்டார் மேலாளர்.

"இல்ல மேடம். திருடன் பேரை மட்டும்தான்..."

மேலாளர் தேடும் கட்டத்தில் அவள் பெயரைத் தட்டினார். திரை நிரம்பியது. நகர்த்த நகர்த்த வரைபடங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் பகிர்ந்தவர் என்ற இடத்தில் அவள் பெயர். எல்லாவற்றுக்கும் மேலே, அன்று காலையில் கம்பெனிப் பொறியாளர் எழுதியது:

'இந்தப் பெண் வரைந்து இதுவரை ஒரு தப்புகூட வந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு நிரந்தரமாக்குங்கள். அந்தப் பெரியவரைத்தான் என்ன செய்வதென்று யோசியுங்கள்.'