காணாமல் போன விக்கல்

கத்தியின் முனையை நண்பனின் கழுத்தில் வைத்து அழுத்தினார் அவர். "இன்னைக்கு உன் குட்டு உடையுதுடா, சுருட்டை!"

"அப்பா, பார்த்து! உள்ளே இருக்கிற டிவிடி கீறிடப் போகுது" என்று கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள் மகள். பிளாஸ்டிக் உறையை நகத்தாலேயே கிழித்தாள். அட்டைப்படத்தில் சுருட்டை முடியும் பண மூட்டையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தான் கதாநாயகன். அவன் தலைக்கு மேலே பெரிய எழுத்தில், 'வெட்டுப்படாத முழுப் படம்'.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். இளமையில் நடித்தது அந்த ஒரே படத்தில்தான். வங்கிக் கொள்ளையை வைத்து எடுத்த நகைச்சுவைப் படம். பெட்டகம் உடைப்பவராக வந்த அவருக்கு அதில் ஒரு விக்கல் காட்சி இருந்தது. படம் வெளியானபோது அது மட்டும் இல்லை.

"அவன்தான் வெட்டச் சொல்லியிருக்கான். எங்கே நான் முந்திடுவேனோன்னு பயம். ஒரே ரூம்ல, ஒரே பாயில படுத்துக் கிடந்த பய!"

இந்தப் பேச்சை மகள் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே கேட்டு வருகிறாள். "அதான் போன வருஷம் அவர் செத்ததுக்குக்கூட நீங்க போகலையே. அம்மா எவ்வளவு கெஞ்சினாங்க?"

"செத்தா மட்டும் துரோகி நல்லவனாயிடுவானா?"

ஜன்னல் வழியே ஈரக் காற்று வந்தது. மனைவி இரும்புப் பெட்டியிலிருந்து ஒரு கம்பளியை எடுத்துவந்து அவர் முழங்காலில் போர்த்தினாள். அந்துருண்டை நெடியில் அவர் அடுத்தடுத்துத் தும்மினார்.

"அந்தப் பெட்டியை ஒருநாளாவது வெயில்ல காயப் போடேன்."

"போட்டுக்கலாம். முதல்ல படத்தைப் பாருங்க."

"நீயும் உட்காரு. நீ ஒட்டின படமாச்சே!" மகளிடம் திரும்பினார். "உங்கம்மா அப்போ எடிட்டிங் ரூம்ல பிலிம் துண்டு ஒட்டிட்டிருந்தா. அந்தப் படத்துல எனக்கு மிஞ்சினது இவ ஒருத்திதான்."

"மிஞ்சின சோறு மாதிரியே சொல்லுங்க" என்றாள் மனைவி. ஆனால் உட்காரவில்லை.

படம் ஓடியது. சுருட்டையின் கூட்டம் சுரங்கம் தோண்டியது, தவறான கட்டடத்துக்குள் தலை நீட்டியது, மறுபடி தோண்டியது. கடைசியில் வங்கியின் பெட்டக அறை. சின்னச் சத்தம் கேட்டாலும் அபாய மணி அடிக்கும். ஒல்லியாக, மீசை அரும்பிய முகத்தோடு அவர் மட்டும் உள்ளே போனார்.

விக்கல் வந்தது.

மூக்கைப் பிடித்தார். தலைகீழாக நின்றார். நோட்டுக் கட்டை வாயில் திணித்துக்கொண்டார். ஒவ்வொரு விக்கலையும் தோளிலும் வயிற்றிலும் முழங்காலிலும் வாங்கி அமுக்கினார். ஒருவழியாக விக்கல் நின்றது. நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சுக்கு மணி அடித்தது.

மகள் சிரித்த சிரிப்பில் சோபாவிலிருந்து சரிந்து தரைக்கு வந்துவிட்டாள். "ஐயோ அப்பா! இது மட்டும் அன்னைக்கு வந்திருந்தா உங்களைக் கையில பிடிச்சிருக்க முடியாதுப்பா! எங்கேயோ போயிருப்பீங்க!"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கியிருந்தது. "பாத்தியா? இதைத்தான் அந்தப் பாவி வெட்டினான். என் வாழ்க்கையவே வெட்டிட்டான்."

படம் முடிந்தது. "போதும், நிறுத்திடு. கண்ணு வலிக்கும்" என்றாள் மனைவி. அதற்குள் மகள் இயக்குநரின் பேட்டியை ஓடவிட்டிருந்தாள்.

வெள்ளைத் தாடியோடு இயக்குநர் பேசினார். "விக்கல் சீனை நாங்க யாரும் வெட்டலை. ரிலீசுக்கு முன்னாடி படச்சுருள், ஒலிச்சுருள் ரெண்டுமே எடிட்டிங் ரூம்லேருந்து காணாமப் போயிடுச்சு. திரும்ப எடுக்க செட்டும் இல்லை, நேரமும் இல்லை. நம்ம ஹீரோ குழந்தை மாதிரி அழுதார். 'நான்தான் வெட்டினேன்னு என் நண்பன் நினைக்கிறான் சார், போனை எடுக்கவே மாட்டேங்கிறான்'னு சாகிற வரைக்கும் சொல்லிட்டிருந்தார்."

அவர் கம்பளியை மார்புவரை இழுத்துக்கொண்டார். சுருட்டையின் குரல் கேட்டதுமே போனை வைத்துவிட்ட நாட்களெல்லாம் வரிசையாக வந்து முன்னால் நின்றன.

"அவர் இறந்த மறு மாசம் எங்களுக்கு ஒரு பார்சல் வந்துச்சு. அனுப்பினவங்க பேரே இல்லை. உள்ளே பழைய பிஸ்கட் டப்பா. திறந்தா ரெண்டு சுருளும் பத்திரமா இருக்கு. யாரோ பொன்னு மாதிரி வெச்சிருந்திருக்காங்க." இயக்குநர் சிரித்தார். "ஆனா என்னா அந்துருண்டை வாசனைங்கிறீங்க! எங்க ஆபீஸே தும்மிடுச்சு."

மகளும் சிரித்தாள். அவர் கம்பளியின் ஓரத்தை மெல்லத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார்.

பிறகு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயைத் திறந்தார். விக்கல்தான் வந்தது.

அவள் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. நீட்டிய கையை மடக்காமலே அவள் சொன்னாள்:

"அந்த சீன் ஓடியிருந்தா, நீங்க எனக்குக் கிடைச்சிருப்பீங்களா?"