பக்கத்து அறை

படியில் காலணிச் சத்தம் கேட்டதுமே அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

தாளாளர்தான். கூடவே யாரோ. பிள்ளையைச் சேர்க்க வந்தவர்களாக இருக்கும்.

கீழே எல்லாம் காட்டி முடித்திருப்பார். மீன் தொட்டி, கம்ப்யூட்டர் அறை, வேனுக்குள் கேமரா. ஆட்கள் வரும்போது மட்டும் பூட்டுத் திறக்கிற இசை அறை. பள்ளியின் பெயரில் இன்டர்நேஷனல் இருக்கிறது. சங்ககிரிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பிள்ளையும் இதுவரை வந்ததில்லை. கடைசியாகத்தான் மாடிக்கு, அவளுடைய இரண்டாம் வகுப்புக்குக் கூட்டி வருவார். ஜவுளிக்கடைக்காரர் நல்ல சேலையைக் கடைசியில் பிரிப்பதுபோல.

அவள் பிள்ளைகள் அப்படிப் பேசுவார்கள். அரைகுறையாக இல்லை. முழு வாக்கியமாக, ஆங்கிலத்தில், எல்லோரும் ஒரே குரலில்.

தனியாக எழுப்பினாலும் பேசுவார்கள். ஒருத்தியைத் தவிர.

பிரகதிக்குத் திக்குவாய்.

கூட்டத்தோடு சொல்லும்போது திக்காது. பாட்டு, வாய்ப்பாடு எல்லாம் கணீரென்று வரும். தனியாக எழுப்பிப் பெயர் கேட்டால்தான் முதல் எழுத்திலேயே நின்றுவிடும். கழுத்து நரம்பு புடைக்கும். கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். தாளாளருக்கோ யாரையாவது எழுப்பிப் பெயர் கேட்காமல் இருக்க முடியாது.

வருஷத் தொடக்கத்தில் ஒருமுறை பிரகதியை எழுப்பிவிட்டார். அன்று வந்தவர்கள் அப்புறம் வரவேயில்லை. பார்த்துக்கொள்ளுங்கள் மிஸ் என்று அவளிடம் சொன்னார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அடுத்த முறை ஆள் வந்தபோது, பக்கத்து அறையில் கிடந்த கதைப் புத்தகங்களை அடுக்கச் சொல்லி பிரகதியை அனுப்பினாள். யாரும் கேட்காமல், அவளாகவேதான் அனுப்பினாள். மிஸ் தன்னைக் கூப்பிட்டு வேலை சொன்னதில் குழந்தைக்குத் தலைகால் புரியவில்லை. ஓடினாள்.

பிறகும் அனுப்பினாள். போகப்போக அந்த ஓட்டம் நடையானது.

போன வாரம் பிரகதியின் அம்மா பள்ளி வாசலில் காத்திருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்புள்ளைக்கு எந்நேரமும் உங்க பேச்சுத்தானுங்க மிஸ். யாராச்சும் வந்தா அவளுக்கு மட்டும் தனியா வேலை குடுக்கறீங்களாமா."

கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. இனி அனுப்புவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தாள். தாளாளர் யாரையாவது எழுப்பச் சொன்னால், கூட்டமாகவே சொல்லட்டும் சார் என்று சொல்லிவிட வேண்டும். குளிக்கும்போதும் பஸ்ஸிலும் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வேலை போனால் போகட்டும் என்றுகூட ஒருமுறை நினைத்தாள். நினைக்கும்போது வீரமாகத்தான் இருந்தது.

சத்தம் வராந்தாவுக்கு வந்துவிட்டது.

பிரகதி எழுந்தாள்.

யாரும் போகச் சொல்லவில்லை. பென்சிலை டப்பாவில் போட்டு மூடினாள். நாற்காலியைச் சத்தம் வராமல் உள்ளே தள்ளினாள். இந்த முறை பையையும் எடுத்துக்கொண்டாள். போன முறை விட்டுவிட்டுப் போனதை யோசித்து வைத்திருப்பாள் போல. மிஸ்ஸின் முகத்தைப் பார்க்காமலே பக்கத்து அறைக்குப் போனாள்.

உட்கார் என்று ஒரு சொல் போதும்.

அவள் சொல்லவில்லை.

அதைவிடக் கேவலம், அப்பாடா என்று இருந்தது.

தாளாளர் உள்ளே வந்தார். பின்னால் ஓர் அப்பா, ஓர் அம்மா, அம்மாவின் தோளில் தூங்கி வழியும் பையன். வகுப்பு எழுந்து வணக்கம் சொன்னது. பாட்டுச் சொன்னது. எழுப்பிக் கேட்ட இரண்டு பேரும் தேன்போலப் பேசினார்கள். தாளாளர் முகமெல்லாம் பல்லாகத் தெரிந்தது.

வந்த அம்மாவின் கண் காலி நாற்காலிக்குப் போனது. இது யார் இடம் என்று அவளைக் கேட்டாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் தாளாளர் முந்திக்கொண்டார். முழு வாக்கியத்தை இன்னொரு தடவை காட்ட அவருக்கு ஒரு வாய்ப்பு. இன்று யார் வரவில்லை என்று வகுப்பைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்.

பிள்ளைகள் மிஸ்ஸைப் பார்த்தார்கள்.

சின்னப் பிள்ளைகள். எது சொல்லலாம், எது கூடாது என்று அவள் முகத்தில்தான் தேடுவார்கள்.

சொல்லுங்கள் என்பதுபோல் அவள் தலையசைத்தாள்.

தினமும் காலையில் வருகை எடுக்கும்போது சொல்லிப் பழகிய வாக்கியம்தான்.

"பிரகதி ஈஸ் ஆப்சென்ட் டுடே, சார்."

ஒரு குரலும் பிசகவில்லை. வந்த அப்பா மனைவியைப் பார்த்துத் தலையாட்டினார். சேர்த்துவிடுவார்கள். தாளாளர் அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார். அவளும் செய்தாள்.

அவர்கள் யாருக்கும் கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டது.

இரண்டு அறைக்கும் நடுவே வெறும் பிளைவுட் தடுப்புதான். அதற்கு அப்பாலிருந்தும் ஒரு குரல் வகுப்போடு சேர்ந்து அந்த வாக்கியத்தைச் சொன்னது. பழக்கதோஷம். கணீரென்று, எங்கும் தட்டாமல்.

பிரகதி தன் பெயரைத் திக்காமல் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.