ஓடையை நேராக்கிய பெருச்சாளி

நகரத்து ஓடை ஒன்று வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு பெருச்சாளி குடியிருந்தது. மழை பெய்தால் தண்ணீர் அங்கே தேங்கி அதன் பொந்துக்குள் புகுந்துவிடும். அதனால் கரையைக் குறுக்கே வெட்டி, ஓடையை நேராக்கத் தொடங்கியது.

"ஏதாவது ஆபத்து உண்டா, பார்த்துச் சொல்லுப்பா" என்று பக்கத்து நண்டைக் கூப்பிட்டது.

நண்டு பயந்த சுபாவம். மண்ணை அங்கங்கே கிள்ளிப் பார்த்தது.

"இங்கே ஆபத்து இல்லை அண்ணே. ஆனா, தண்ணி வேகமா கீழே பாயுமே?"

"பாயட்டும்! கீழே இருக்கிறவங்க பாடு அவங்களுக்கு. உன்னைக் கேட்டது இந்த இடத்தைப் பத்தி மட்டும்தான்."

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வெட்ட இன்னும் ஒரு சாண் மண்தான் பாக்கி. நண்டுக்கு மனசு கேட்கவில்லை. எதிர்த்துப் பேசவும் வாய் வரவில்லை. நலம் விசாரித்துவிட்டுக் கிளம்பப் பார்த்தது.

"அண்ணியைக் காணோமே?"

"தலைப்பிரசவமாச்சே! தாய்வீட்டுக்குப் போயிருக்கா. ஏழு குட்டி! ஒண்ணுகூட இன்னும் கண் திறக்கலையாம்."

"தாய்வீடு எங்கே அண்ணே?"

"பக்கம்தான். கீழே, பாலத்துக்கு அடியில..."

பெருச்சாளியின் கால் அப்படியே நின்றது. முதல் தூறல் அதன் மூக்கில் விழுந்தது. வெளியே தள்ளிய மண்ணையெல்லாம் அவசர அவசரமாக உள்ளே வாரிப் போட ஆரம்பித்தது.

"இத்தனை கால் வச்சுக்கிட்டு என்ன வேடிக்கை பார்க்கிறே? வந்து தள்ளுப்பா!"