தலைதீபாவளிக் கார்டு

"மறுபடியும் நின்னு போச்சு" என்றான் முருகேஷ்.

சத்யப்பிரியாவுக்கு அடுப்படியில் கை ஓடவில்லை. கம்ப்யூட்டர் திரையில் டீ-சர்ட்டுக்கான சிங்கப் படம் பாதி நிறத்தோடு அப்படியே நிற்கும். மவுஸை எப்படி உருட்டினாலும் அம்பு அசையாது. போய்ப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். அடுத்து மாமியார் மருதம்மாள் என்ன சொல்வாள் என்பதும் தெரியும்.

"மோதிரம் போடற எடத்துல மோதிரம்தான் போடோணும். அது இப்படி நின்னா போயிருக்கும்?"

தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம் போடத்தான் தாராபுரத்து மாமனார் ஆசைப்பட்டார். முருகேஷ்தான், "மோதிரம் வேண்டாமுங்க மாமா, கம்ப்யூட்டருக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டான். பனியன் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே பிரிண்ட் டிசைன் போட்டுக் கொடுப்பவன் அவன். கார்டு வந்தால் வேலை பறக்கும் என்று நம்பினான். கார்டு வந்தது, உள்ள வேலையும் படுத்துக்கொண்டது.

கார்டு தந்த வீட்டிலிருந்து வந்தவள் மேல் பழி விழ எவ்வளவு நேரமாகும்? "வந்த நேரம் அப்படி" என்று மருதம்மாள் சுவரைப் பார்த்துச் சொல்வாள். முன்பெல்லாம் முருகேஷ் "சும்மா இரும்மா" என்பான். இப்போது அதையும் சொல்வதில்லை. சத்யப்பிரியா பயந்தது மாமியார் பேச்சுக்கு அல்ல, அவன் பேசாமல் இருந்ததற்கு.

கார்டை விற்று, மாட்டியும் கொடுத்தவன் ராஜ்கமல். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, வேலம்பாளையத்தில் சின்னதாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். அவனும் சளைக்காமல் வந்து பார்த்தான். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டான். மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். கடைக்கே தூக்கிக்கொண்டு போய் நாள் முழுக்க ஓடவிட்டான். அங்கே குதிரையாக ஓடியது. அவன் வந்து உட்கார்ந்தால் வீட்டிலும் ஓடும். அவன் தலை மறைந்த பிறகுதான் வம்பு.

"டாக்டரைக் கண்டா ஓடிப்போற காய்ச்சலா இருக்குண்ணே" என்று தலையைச் சொறிந்துகொண்டு போவான்.

இன்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். பக்கத்துத் தெருவில் ஏதோ வேலை, அப்படியே எட்டிப் பார்க்கலாம் என்று.

"வாப்பா, நல்ல நேரத்துல வந்தே" என்று முருகேஷ் பிடித்துக்கொண்டான். "சாயங்காலம் டிசைன் குடுக்கோணும். கம்பெனில சரக்கு எடுக்கற பையர் வந்து உக்காந்திருக்கறான். இங்க பாரு, இது நிக்கற லட்சணத்தை."

சத்யப்பிரியா ஓடி வந்து, ராஜ்கமல் வரும்போதெல்லாம் செய்வதுபோல, சிபியூ மேலிருந்த உறையை உருவி மடித்துக்கொண்டாள். மிச்சப் பனியன் துணியில் அவளே தைத்தது. முதுகு, விலா என்று ஓரிடம் விடாமல் மூடும். முருகேஷ் பெயரைக்கூடப் பூவேலையில் போட்டிருந்தாள். வீட்டில் மருதம்மாள் குறை சொல்லாத ஒரே பொருள் அது.

ராஜ்கமல் சிபியூவின் பின்பக்கம் கையை வைத்தான். வெடுக்கென்று எடுத்தான். அவள் கையிலிருந்த உறையைப் பார்த்தான். பிறகு மருதம்மாளைப் பார்த்தான்.

"என்ன தம்பி, எங்க ஊட்டு நேரந்தானே கோளாறு?" என்றாள் மருதம்மாள்.

"இல்லம்மா. நான் போட்ட கார்டுதான் கோளாறு. மட்டமான சரக்கை எவனோ என் தலையில கட்டிட்டான். வேற மாத்தித் தாரேன்."

சத்யப்பிரியாவுக்கு உயிர் வந்தது. வந்த உயிர் நேரே நாக்குக்குப் போயிற்று.

"ஏனுங்க, இதை முன்னயே பாத்திருக்கக் கூடாதுங்களா? உங்க மட்டச் சரக்குக்கு இத்தன நாளா நான் பேச்சு வாங்கிட்டிருக்கறனுங்க."

"தப்புதான்க்கா" என்றான் அவன்.

பக்கத் தகட்டைக் கழற்றி, மேஜை ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தான். "இன்னைக்கு வேலைக்கு இது தாங்கும்ணே" என்றான்.

முருகேஷுக்கு ஆறவில்லை. "நம்ம லிங்கசாமி ஆபீசுக்கு மொத்தமா கம்ப்யூட்டர் எடுக்கறான். உன் கடையைத்தான் சொல்லியிருந்தேன். வேண்டாம்னு சொல்லீர்றேன்."

ராஜ்கமல் முகம் வாடிப்போயிற்று. "உங்க இஷ்டம்ணே" என்று பையை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தான்.

கேட்டைச் சாத்தப் போனவளிடம் மெதுவாகச் சொன்னான். "அக்கா, மெஷின் ஓடும்போது அந்த உறையைப் போடாதீங்க. புதுக் கார்டுல சூடு ஜாஸ்தி. சூடு வெளிய போக வழியில்லாமத்தான் நின்னுபோகுது. நான் வந்தா நீங்க எடுத்துருவீங்க, அதான் எனக்குப் பிடிபடல. கார்டு நல்ல கார்டுதான்."

"அப்பறம் உள்ள ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"கார்டுக்குக் கெட்ட பேரு வந்தா வேற மாத்திக்கிடலாம்க்கா. வாழ வந்த வீட்டுல உங்களுக்கு வந்தா?"

வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டான். உறவு இல்லை, ஊர்க்காரன்கூட இல்லை. தன் கடைப் பேரைக் கொடுத்து அவள் பேரைக் காப்பாற்றியிருக்கிறான். அவனைப் போய் என்ன பேச்சுப் பேசிவிட்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்வதற்குள் தெருமுனை தாண்டிவிட்டான்.

உள்ளே முருகேஷ் போனில் ஆரம்பித்திருந்தான். "லிங்கசாமி, அந்தக் கடை வேண்டாம்ப்பா, ஏன்னா…"

சத்யப்பிரியா நேரே போய் ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணா, அந்தக் கடையிலயே வாங்குங்க. கார்டு நல்ல கார்டுதானுங்க. துணியைப் போத்திக் கம்ப்யூட்டரை மூச்சு முட்ட வெச்சது நான்தானுங்க."

மாமியாருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னாள்.