இங்கே இறக்கவும்

லாரி ஷெட்டில் மூட்டை இறக்கும் பரமனுக்கு விரல் மூட்டுகள் வீங்கி, கொக்கியைப் பிடிக்க முடியாமல் மூன்று மாதமாகிறது. ஸ்டீராய்டு மாத்திரை தின்று முகம்தான் உப்பியது.

"கன்னம் பன்னு மாதிரி இருக்கு, உனக்கு நோவாய்யா? திங்கக்கெழம மூட்டை தூக்கலன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்" என்றார் மேஸ்திரி.

டாக்டரம்மாவிடம் போய்ப் புலம்பினான்.

"மாத்திரை உடம்பு பூரா சுத்துதுல்ல, அதான் முகம் உப்புது. நோவுற இடத்துக்கு மட்டும் மருந்தைச் சுமந்துட்டுப் போற ஆன்டிபாடி ஊசி இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு."

"அதுவும் நம்மள மாதிரி லோடுமேன்தானாம்மா? எப்ப வரும்?"

"தெரியலைங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆளில்லாத ஷெட்டுக்கு வந்தான். விலாசம் படிக்கத் தெரியாமல் மூட்டைகளை மாற்றி இறக்கித் திட்டு வாங்கி, நாற்பது வயதில் எழுத்துக் கற்றவன் அவன். மூட்டைக்கு எழுதும் மைப் புட்டியைப் பல்லால் கடித்துத் திறந்தான். இடது கையில் பிரஷ் நழுவ நழுவ, வலது புறங்கையில் கோணல்மாணலாக எழுதினான்: இங்கே இறக்கவும்.

மாத்திரையை எடுத்து அந்த எழுத்துக்கு நேராகப் பிடித்தான்.

"படிச்சிட்டுப் போ, சனியனே" என்று சொல்லி விழுங்கினான்.

மை காயட்டும் என்று கையை வெயிலில் நீட்டியபடி, கொக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.