கட்டிலை எங்கே போடுவது?

"உள்ளேயெல்லாம் வர முடியாது. இங்கேயே நின்னு சொல்லுங்க, எத்தனை ரூமு?" என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார் அந்தம்மா.

"ரெண்டு ரூமுங்க. பார்க்கிறதுக்குக் காசா பணமா? ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்க," என்றார் தரகர்.

மணி ஆறாகப் போகிறது. இருட்டுவதற்குள் அந்தம்மா சரி என்று சொல்லியாக வேண்டும். நேற்று இப்படித்தான், பிடிக்கவில்லை என்று விறுவிறுவென்று கிளம்பிவிட்டார். நான்கு தெரு தாண்டிப் போய், கெஞ்சிக் கூத்தாடித் திருப்பி அழைத்துவர வேண்டியதாயிற்று. பார்ட்டி பின்னால் அலைவது இந்தத் தொழிலில் புதிதில்லைதான். ஆனால் தரகருக்கும் அறுபத்தைந்து வயதாகிறது, முட்டி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

ஒருவழியாக அந்தம்மா உள்ளே வந்தார். கூடம் மங்கலாக இருந்தது. தரகர் சுவிட்சைத் தேடுவதற்குள் அந்தம்மாவே கதவுக்குப் பின்னால் கையை விட்டு விளக்கைப் போட்டார்.

"தண்ணி எப்படி?"

"எந்நேரமும் வருங்க."

முப்பது வருஷமாக வீடு காட்டுகிறவர் அவர். வந்ததும் அண்ணாந்து விட்டத்தைப் பார்ப்பவர் வாங்க மாட்டார். குழாயைத் திறந்து பார்ப்பவர் வீட்டுக்குப் போய் யோசிப்பார். கட்டிலை எங்கே போடுவது என்று ஒருவர் கேட்டுவிட்டால் மட்டும், பேச்சை நிறுத்திவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்துவிடலாம். இந்தக் கணக்கு அவருக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

அந்தம்மா சமையலறை அலமாரியை விரலால் தடவிப் பார்த்தார். தூசி இல்லை.

"ஓனர் யாரு?"

"ஒரு வயசானவருங்க. பொண்டாட்டி ஆசைப்பட்டாங்கன்னு வாங்கினாரு."

"பின்னே எதுக்கு விக்கிறாரு?"

"அந்தம்மாவுக்கு இதுல இருக்கக் குடுத்து வெக்கலைங்க."

"ஐயோ பாவம்," என்றார் அந்தம்மா. மறுபடியும் அலமாரியைத் தடவிப் பார்த்தார். பிறகு, "தண்ணி எப்படி?" என்றார்.

"எந்நேரமும் வருங்க," என்றார் தரகர், முதல் தடவை சொல்வதுபோல. ஒரே கேள்வியைப் பத்து தடவை கேட்கிற பார்ட்டிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். முகம் சுளித்தால் பிழைப்பு நடக்காது.

"காத்து வெளிச்சத்துக்குக் குறைவே இல்லைங்க. இந்த மாதிரி வீடு இனிமே அமையாது. இன்னொருத்தர்கூட..."

"போதும், போதும். உங்க வித்தையெல்லாம் என்கிட்ட வேகாது. எங்க வீட்டுக்காரரும் புரோக்கர்தான்."

"அப்படிங்களா?"

"ஊருக்கெல்லாம் வீடு பிடிச்சுக் குடுப்பாரு. நாங்க மட்டும் வாடகை வீட்டுல பானை சட்டியைத் தூக்கிக்கிட்டு அலையறோம். கேட்டா, ‘நல்லதா ஒண்ணு வரட்டும், பார்க்கலாம்’னு சொல்லியே என் காலத்தை ஓட்டிட்டாரு."

தரகருக்குச் சுருக்கென்றது. நல்ல வீடு ஒன்று வந்தால் அதை முதலில் பார்ட்டிக்குக் காட்டத்தான் எந்தத் தரகனுக்கும் புத்தி போகும். தனக்கென்று ஒன்றை எடுத்து வைக்கத் தோன்றும்போது காலம் கடந்துபோயிருக்கும்.

"அவர் பண்ணினது தப்புதாங்க," என்றார் மெதுவாக.

அந்தம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவரை நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். திட்டறதுன்னா நான் திட்டிக்கிறேன். தங்கமான மனுஷன்."

தரகர் சட்டென்று திரும்பி, நன்றாகவே இருந்த ஜன்னல் கொக்கியை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். கொக்கி அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை.

வெளியே தெருவிளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. அந்தம்மா படுக்கையறைக்குள் போய்ச் சுற்றும் முற்றும் பார்த்தார். இனி வாசல் பக்கம் திரும்பிவிட்டால் வேலை கெட்டது. தரகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் கட்டிலை ஜன்னலோரமா போட்டுக்கலாம் இல்ல?"

"என்னங்க?"

"கட்டிலைச் சொல்றேன். அவருக்கு மூஞ்சில காத்து படணும். இல்லேன்னா ராத்திரி பூரா புரண்டுக்கிட்டே இருப்பாரு."

"தாராளமா போட்டுக்கலாங்க," என்றார் தரகர்.

அந்தம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். மெத்தையை அமுக்கிப் பார்த்தார். "வீடு எனக்குப் பிடிச்சுத்தான் இருக்கு. ஆனா அவர் வந்து பார்க்காம நான் எப்படிச் சரின்னு சொல்றது?"

"வந்துடுவாருங்க. அதுவரைக்கும் இங்கேயே இருங்க. ஒரு ராத்திரி தங்கிப் பார்த்தாத்தானே வீட்டோட அருமை தெரியும்?"

"என்னைக் காணோம்னு தேடுவாரே."

"நான் அவர்கிட்ட சொல்லிடறேங்க."

அந்தம்மா யோசித்தார். பிறகு கைப்பையைத் தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டு, காலைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்துக்கொண்டார்.

தரகர் சத்தமில்லாமல் போய் கேட்டைப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டபோது போன் அடித்தது. வெளியூரில் இருக்கும் மகள். தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிட்டு அவள் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்.

கேட்டுக்கொண்ட தரகர், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்:

"பிடிச்சிருக்காம் கண்ணு. இன்னைக்கு உங்கம்மா நம்ம வீட்டுலயே தங்கறாளாம்."