நிற்க எவ்வளவு மூச்சு

இன்னும் எட்டு மீட்டர்.

செண்பகவடிவு வாக்கரை முன்னால் தள்ளினாள். கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கினாள். இரண்டு கால்களும் ஒன்றாக ஊசலாடி முன்னால் வந்து விழுந்தன.

தொடையிலிருந்து பாதம் வரை காலைத் தாங்கும் காலிப்பர் கம்பிகள். முழங்கால் மடங்காதபடி பூட்டியிருந்தது. முகத்தில் ரப்பர் மூடி. அவள் விடும் ஒவ்வொரு மூச்சும் குழாய் வழியாக, சக்திச் செலவை அளக்கும் இயந்திரத்துக்குப் போனது.

வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்க ஒரு கையை எடுக்க முடியாது.

கோட்டைத் தாண்டியதும் பயிற்சியாளர் ஜெனிட்டா அவளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, மூடியை எடுத்தாள்.

டாக்டர் திரையைப் பார்த்தார்.

“ஒரு மீட்டர் நடக்க எங்களுக்கு ஆகுறதைவிட உங்களுக்கு ஆறு மடங்கு சக்தி செலவாகுது, டீச்சர். சக்கர வண்டியில போறதுதான் நல்லது.”

செண்பகவடிவு தலையசைத்தாள்.

ஆட்டோ கவிழ்ந்து கால்கள் செயலிழந்து இரண்டு வருடம். அவள் பாடம் நடத்தும் வேதியியல் ஆய்வகத்தில் மேசைகள் உயரம். உட்கார்ந்திருந்தால் சோதனைக் குழாய் தெரியாது. பிள்ளைகளின் சட்டைப் பொத்தான்தான் தெரியும். போன வாரம் தலைமையாசிரியை போனில் கேட்டிருந்தார், நூலகத்துக்கு மாறிக்கொள்கிறாயா என்று. நல்ல மனதோடுதான் கேட்டார்.

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“நடக்கத்தானே ஆறு மடங்கு? சும்மா நிக்க எவ்வளவு ஆகும், டாக்டர்?”

டாக்டர் ஜெனிட்டாவைப் பார்த்தார்.

“அதை நாம பாக்கலையே.”

மறுபடி மூடி. மறுபடி எழுந்தாள். முழங்காலில் பூட்டு விழுந்தது.

இந்த முறை அவள் நகரவில்லை. இடுப்பை லேசாக முன்னால் கொடுத்தாள். உடம்பின் பாரம் காலிப்பரில் இறங்கியது.

வலது கையை வாக்கரிலிருந்து எடுத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, இடது கையையும்.

ஜெனிட்டாவின் கைகள் அவள் இடுப்புக்கு அருகில் காத்திருந்தன. தொடவில்லை.

ஐந்து நிமிடம். திரையில் கோடு சற்று ஏறியது. பிறகு ஏறவே இல்லை.

“உக்காந்திருக்கதைவிடக் கொஞ்சம்தான் கூட!” டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். “வகுப்பு வரைக்கும் வண்டியில போங்க. அங்க எந்திரிச்சு நின்னு பாடம் நடத்துங்க. ஸ்கூலுக்கு நான் எழுதித் தாரேன்.”

மூடிக்குள் அவள் சிரித்தது யாருக்கும் தெரியவில்லை. திரையில் மட்டும் கோடு ஒருமுறை துள்ளியது.

மூடியைக் கழற்ற ஜெனிட்டா அருகில் வந்தாள். பட்டை தலைக்குப் பின்னால் இருந்தது. ஒன்றரை வருடமாக இவளைக் குனிந்தே பார்த்திருக்கிறாள். நடக்கும்போதுகூட டீச்சர் தரையைப் பார்த்து வளைந்துதான் நடப்பாள்.

“என்ன டீச்சர், இவ்வளவு உயரமா நீங்க?”

பட்டையை எட்ட ஜெனிட்டா கால்விரல்களில் எக்கினாள்.